இரண்டடிதானே என்று ஏறினேன்

என் கையெழுத்து மோசமாக இருக்கும், மன்னியுங்கள். நாலாம் வகுப்புதான் படித்தேன். ஸ்ரீராம்புரத்தில் ஆட்டோ ஓட்டுகிறேன். போன ஆயுத பூஜையன்று மதியம் ஸ்டாண்டில் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். வாசலில் வண்டிக்குப் பூஜை முடிந்து, சக்கரத்தடியில் வைத்த எலுமிச்சம்பழங்களை நசுக்க வண்டியில் ஏறினேன்.

"குடிச்சிருக்கீங்க. கையால தள்ளிக்கலாம்," என்றாள் மனைவி.

"ரெண்டடிதானடி, என்ன ஆயிடப்போவுது?" என்று வண்டியைக் கிளப்பினேன்.

முன்சக்கரப் பழம் உருண்டது. "இருங்க, சரி பண்றேன்," என்று குனிந்தாள். அது காதில் விழுந்தது. நிற்கத்தான் நினைத்தேன். கை ஆக்ஸிலேட்டரை முறுக்கிவிட்டது. வண்டி பாய்ந்து, குலுங்கி அணைந்தது. அவள் சத்தம் இல்லை. இறங்கிப் பார்க்கத் துணிவில்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

சக்கரம் ஏறியிருந்தது அவள் முந்தானை மேல். மெல்ல அதை உருவிக்கொண்டு எழுந்தாள்.

"சாவியக் குடுங்க," என்றாள். கொடுத்தேன்.

இன்றுவரை அவள் இதை யாரிடமும் சொல்லவில்லை. அதனால்தான் நானே சொல்கிறேன்.

எழுதியது, இந்த வருட ஆயுத பூஜைக்கு முதல் நாள்.