நட்சத்திரத்துக்குப் போன துரை

கம்பம் ஊருக்கு வெளியே, அறுப்பு முடிந்த வயலில் டூரிங் டாக்கீஸ் கூடாரம் போட்டிருந்தார்கள். எனக்குக் கல்யாணமாகி இரண்டாவது வருஷம். இரண்டாம் உலக யுத்தம் இன்னும் தொடங்கவில்லை. ஒரு மாட்டுவண்டி கொட்டடித்தபடி எங்கள் ஊருக்கு வந்து நோட்டீஸ் கொடுத்தது. நட்சத்திர மண்டலத்துக்குப் பறந்து போகிறவர்களின் கதையாம். இங்கிலீஷ் படம். வாரத்துக்கு ஒரு பாகமாகக் காட்டுவார்களாம்.

வீட்டுக்காரர் பார்க்கத் துடித்தார். எனக்கும் ஆசைதான். மேலே மின்னுகிற அந்த இடங்களில் யாராவது இருப்பார்களா, சோறு பொங்குவார்களா என்றெல்லாம் எனக்கு யோசனை ஓடும். சிரிப்பார்களே என்று யாரிடமும் கேட்டதில்லை. முதல் பாகத்துக்கே வண்டி கட்டிப் போனோம்.

பொழுது சாய்ந்ததும் ஆட்டம் ஆரம்பித்தது. பெண்களுக்கு ஓலைத் தட்டியால் மறைத்த தனி இடம். தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து பீடிப் புகை வந்து தொண்டை கமறியது. திரைக்குப் பக்கத்தில் கோட்டுப் போட்ட ஒருவர் நின்று கதையைத் தமிழில் சொன்னார். தகரக் குழாய் போன்ற ஒன்று புகை கக்கிக்கொண்டு ஆடி ஆடிப் போனது. அதைக் கட்டித் தொங்கவிட்டிருந்த கம்பி எனக்கே தெரிந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன்.

அடுத்து பூதம் வந்தது. பூதமாவது! உயிருள்ள ஓணானின் முதுகில் எதையோ செதில் செதிலாக ஒட்டி, கிட்டத்தில் வைத்துப் பெரிதாகக் காட்டினார்கள். அந்த ஜீவன் ஒட்டியதை உதறமுடியாமல் நெளிந்தது. சனம் கைதட்டியது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பிறகுதான் அந்த நட்சத்திரத்துச் சனங்கள் வந்தார்கள். மேலெல்லாம் கரி பூசி, இடுப்பில் தோல் சுற்றியிருந்தார்கள். வெள்ளைக்காரன் குழாயிலிருந்து இறங்கிக் கையைத் தூக்கினான். அத்தனை பேரும் மண்ணில் விழுந்தார்கள். கூட வந்த வெள்ளைக்காரப் பெண்ணுக்கு அலறுவதைத் தவிர வேறு வேலையில்லை.

"பாருங்க, நம்ம துரையக் கண்டதும் காட்டு சனம் தெய்வம்னு விழுந்து கும்பிடுது!" என்றார் கோட்டுக்காரர்.

எங்கிருந்து எனக்கு அந்தத் துணிச்சல் வந்ததோ தெரியாது. எழுந்து நின்று தட்டிக்கு மேலே தலையை நீட்டினேன்.

"ஏய்யா, இங்கன கும்புட்டது பத்தாதுன்னு அங்கன போயும் நாமதேன் விழணுமா?"

பெண்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது. கோட்டுக்காரர் எங்கள் பக்கம் திரும்பினார். "தாயி, படத்துல உள்ளதத்தேன் சொல்லுறேன்" என்றார். நான் சேலையை உதறிக்கொண்டு வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்துவிட்டேன். பாகம் முடியும்வரை வீட்டுக்காரர் வரவில்லை.

"ஏ புள்ள, ஊரு முன்னால என் மானத்த வாங்கிட்டியே" என்றார் வழியில்.

"காசு குடுத்து அசிங்கத்தப் பாக்கக் கூட்டியாந்தது நீங்கதான?"

மறுவாரம் அவர் தனியாகப் போனார். திரும்பி வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"கேட்டியா, அந்தக் கோட்டுக்காரரு கதையவே மாத்திட்டாரு! சனமெல்லாம் தொரைய எதுத்துக் கெளம்பிருச்சாம். நம்ம நாட்டுல நடக்குற மாதிரியே சொன்னாரு. கூடாரமே ஆடிப்போச்சு!"

"படத்துல அவுக என்ன செஞ்சாக?"

அவர் தலையைச் சொறிந்தார். "படத்துல… விழுந்துதேன் கெடந்தாக."

எனக்கு முதல் வாரத்தைவிடப் பற்றிக்கொண்டு வந்தது. கண்ணெதிரே மண்ணில் கிடக்கிறவர்களைப் பார்த்துக்கொண்டே, எழுந்துவிட்டார்கள் என்று கைதட்டுவதா? அந்த ஓணானையும் மறுபடி காட்டினார்களாம். அவர் சொல்லச் சொல்ல நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

கூடாரம் பிரிக்கும்வரை வாராவாரம் அவர் போய்க்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் என்னையும் கூப்பிடுவார். நான் ஒரு தடவைகூடப் போகவில்லை. கடைசிப் பாகத்துக்கு முன்பே கோட்டுக்காரருக்கும் டாக்கீஸ் முதலாளிக்கும் சண்டை வந்து, கோட்டுக்காரர் வேலையை விட்டுப் போய்விட்டாராம். அவர் இல்லாமல் இங்கிலீஷில் ஓடிய முடிவு யாருக்கும் விளங்கவில்லை. "என்னதேன் ஆச்சுன்னு தெரியலையே" என்று வீட்டுக்காரர் பல நாள் புலம்பினார். நட்சத்திரத்தில் சோறு பொங்குகிறவர்கள் யாரையாவது அதில் காட்டினார்களா என்று மட்டும் கேட்டேன். இல்லை என்றார்.