றோணியோ அறையின் சாவி

நான் ஒரு மனிதனைக் காட்டிக்கொடுத்தேன். அவன் என் நண்பன். செய்த காரியம் இருவருடையது. தண்டனை அவனுக்கு மட்டும்.

யாழ்ப்பாணத்தான் ஒருவன் தன்னைப் பற்றி இப்படி எழுதுவது எவ்வளவு அசிங்கமானது என்று உங்களுக்குத் தெரியும். எங்கள் மண்ணில் ‘காட்டிக்கொடுத்தவன்’ என்ற அந்தச் சொல்லைச் சொல்லித்தான் ஆட்களை விளக்குக்கம்பத்தில் கட்டிச் சுட்டார்கள். இருந்தும் வேறு சொல் கிடைக்கவில்லை. தேடிப் பார்த்தேன்... முப்பது வருடங்களுக்கு மேலாகத் தேடிப் பார்த்தேன்.

நான் கத்தோலிக்கன். ஒவ்வொரு தவக்காலமும் கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்று, கோபப்பட்டேன், புறணி பேசினேன், பூசைக்குப் பிந்திப் போனேன் என்று சில்லறைப் பாவங்களை ஒப்பித்துவிட்டு எழுந்து வந்திருக்கிறேன். இதைச் சொன்னதில்லை. குருவானவர் மன்னித்துவிடுவாரோ என்று பயம்! மன்னிப்புக் கிடைத்துவிட்டால் பிறகு எதைச் சாட்டிக்கொண்டு மௌனமாக இருப்பது?

போர்க் காலத்தில் எங்கள் ஆசிரியர்கள் பலர் ஆப்பிரிக்காவுக்கு ஒப்பந்தத்தில் போனார்கள். நானும் போனேன். எனக்கு வாய்த்தது அந்தக் கண்டத்தின் தெற்கில் ஒரு நாடு. பெயர் வேண்டாம். கரும்புத் தோட்டம் ஒன்றின் ஓரத்தில் மிஷன் பள்ளிக்கூடம். நான் கணிதம் படிப்பித்தேன். ஜோசப் டெம்போ சரித்திரம் படிப்பித்தான்.

வெள்ளைக்காரத் துரை போய் இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாகியிருந்தது. துரையின் பங்களாவில் இப்போது ஆளும் கட்சியின் பெரிய மனிதர். கொடி மாறியிருந்தது, கீதம் மாறியிருந்தது. தொழிலாளரின் வரிசைக் குடியிருப்புகளான லயங்களின் ஒழுகும் கூரை மட்டும் மாறவில்லை. வெளிநாட்டு ஆசிரியர்களாகிய நாங்கள் நடுவில் இருந்தோம். எனக்கு ஓட்டு வீடு, சமையலுக்கு ஒரு பெண், தோட்டத்துக்கு ஓர் ஆள். அதே பட்டம் பெற்ற டெம்போவுக்கு என் வீட்டுக்குப் பின்னால் இரண்டு அறை. யாழ்ப்பாணத்தில் சைக்கிள் உழக்கிய வாத்தியார் நான், அங்கே எல்லோருக்கும் ‘சேர்’ ஆகிவிட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அது எனக்குப் பிடித்திருந்தது!

டெம்போ அதற்காக என்னை வெறுக்கவில்லை. “நீ எங்கட கறுப்புத் துரை” என்று சிரிப்பான். ஆசிரியர் சங்கத்தை அவன்தான் நடத்தினான். மாலையில் என் வீட்டு வாசலில் இருந்து என் மனைவி திரேசாவின் தேநீரைக் குடித்தபடி என் நாட்டுக் கதை கேட்பான். ஆட்களை எண்ணி ஆள்வது வேறு, ஆட்களை மதித்து ஆள்வது வேறு என்று நான் பெரிய ஞானிபோலச் சொல்வேன். அவன் நம்பினான்... பாவி, நான் சொன்னதையெல்லாம் நம்பினான்.

பல வருட ஒற்றைக் கட்சி ஆட்சிக்குப் பிறகு முதல் தடவையாகப் பல கட்சிகள் போட்டியிடும் தேர்தல் வந்தது. தோட்டத்துக் கங்காணிகள் லயம் லயமாகப் போய், யாருக்குப் போடுகிறாய் என்று எங்களுக்குத் தெரிந்துவிடும், மாற்றிப் போட்டால் குடும்பத்தோடு தெருவுக்குப் போவாய் என்று சொல்லிவிட்டார்கள். சனம் நம்பியது. நம்பாமல் என்ன செய்யும்? வீடு அவர்களுடையது, வேலை அவர்களுடையது, தண்ணீர்க் குழாய்கூட அவர்களுடையது!

டெம்போ ஒரு துண்டுப்பிரசுரம் எழுதிக்கொண்டு வந்தான். அதில் கட்சிப் பெயர்கூட இல்லை. உன் வாக்கு இரகசியமானது, கங்காணிக்கும் தெரியாது, பங்களாவுக்கும் தெரியாது, பயப்படாதே. அவ்வளவுதான்.

பள்ளிக்கூடத்தில் றோணியோ இயந்திரம் இருந்தது. மெழுகுத்தாளில் கூரான பேனாவால் கீறி, மை உருளையில் சுற்றிக் கைப்பிடியைச் சுழற்றினால் பிரதிகள் வரும். பரீட்சைத் தாள்கள் அதில்தான் அடித்தோம். அறைச் சாவி என் பொறுப்பில் இருந்தது.

“சேவியர், என்ர எழுத்து கோழி கிளறின மாதிரி. உன்ர எழுத்து அச்சு. நீ கீறித் தாவன்” என்றான். அவன் பேசியது ஆங்கிலம்தான். என் நினைவில் அது எங்கள் பேச்சாகவே இருக்கிறது.

மறுக்கவில்லை. நியாயத்துக்காகச் செய்தேன் என்று சொல்ல ஆசை. பாதி அது. மீதி, என் கையெழுத்தை ஒருவன் புகழ்ந்துவிட்ட பெருமை! ஒரு சனிக்கிழமை காலை நானே சாவியைக் கொடுத்து, நானே மெழுகுத்தாளைக் கீறி, இருவரும் மாறி மாறிச் சுற்றினோம். டெம்போ பாட்டுப் பாடினான். என் சட்டைக் கையெல்லாம் மை.

பங்களா வென்றது. ஆனால் லயங்களின் வாக்குப்பெட்டியில் மட்டும் படுதோல்வி. அந்த அவமானத்தைப் பெரிய மனிதரால் விழுங்க முடியவில்லை.

அடுத்த வாரம் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார். மேசையில் அந்தத் துண்டுப்பிரசுரம் கிடந்தது. என் எழுத்து என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஒவ்வொரு தவணையும் அந்த எழுத்தில்தான் அவர் பரீட்சை நடத்தினார். ஆனால் அவர்களுக்கு நான் தேவையில்லை. சங்கக்காரன்தான் தேவை.

“மிஸ்டர் சேவியர், அரசியலில கைவைச்ச வெளிநாட்டு ஆசிரியர் நாற்பத்தெட்டு மணித்தியாலத்தில விமானம் ஏறவேணும். நீங்கள் அப்பிடிச் செய்யிற ஆளில்லை. ஆராவது உங்களுக்குத் தெரியாமல் சாவியை எடுத்திருப்பினம். அதை எழுதித் தாருங்கோ” என்றார்.

எனக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள் இருந்தார்கள். ஊரில் குண்டு விழுந்துகொண்டிருந்தது. இது உண்மை. ஆனால் பயத்தை மட்டும் சொல்லி நிறுத்தினால் அது அரை உண்மை... ஒப்பந்தம் புதுப்பிக்கும் மாதம் அது. ஓட்டு வீடு நினைவுக்கு வந்தது. ‘சேர்’ என்ற அழைப்பு நினைவுக்கு வந்தது. இவற்றையும் சேர்த்துத்தான் நான் பேனாவை எடுத்தேன்.

“ஜோசப் டெம்போ எனது மேசை லாச்சியைத் திறந்து சாவியைக் களவாக எடுத்துச் சென்றார், இதை நான் அறிந்திருக்கவில்லை.” ஒரே ஒரு வாக்கியம். அதே அச்சு எழுத்து. கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் இன்று சொல்லிக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும்!

டெம்போவைப் பொலிஸ் பிடித்து மூன்று நாள் வைத்திருந்தது. திரும்பி வந்தபோது வேலை இல்லை, வீடு இல்லை. ‘களவுக் குற்றத்துக்காக நீக்கம்’ என்று உத்தரவு. அந்த நாட்டில் எந்தப் பள்ளியிலும் இனிப் படிப்பிக்க முடியாது. கரும்பு ஏற்றும் ட்ராக்டர் பெட்டியில் அவன் சாமான்களை ஏற்றினார்கள். சுருட்டிய மெத்தையின் மேல் நாலு வயது மகள் இருந்தாள். நான் யன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். திரேசா வந்து திரையை இழுத்து மூடினாள். “என்ன செய்தனீங்கள்?” என்று கேட்டாள். சொன்னேன். அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

ஒப்பந்தம் நீண்டது. பிறகு லண்டன். கிங்ஸ்பரியில் வீடு, பள்ளியில் கணிதம், பிள்ளைகளுக்குப் படிப்பு, கலியாணம், எனக்கு ஓய்வு. எல்லாம் ஒழுங்காக நடந்தன.

இன்னொன்றையும் கேளுங்கள். எங்கள் இனத்துக்கு நீதி கேட்டு நடக்கும் கூட்டங்களில் வருடாவருடம் நான் பேசுகிறேன். பாராளுமன்றத்துக்கு முன்னால் மழையில் பதாகை பிடித்து நின்றிருக்கிறேன். “சாட்சிகள் முன்வரவேண்டும்! மௌனமும் குற்றமே!” என்று மண்டபம் அதிர முழங்கியிருக்கிறேன். கை தட்டினார்கள். நீங்களும் தட்டியிருக்கலாம்.

இரண்டு வருடங்களுக்கு முன் திரேசாவைப் பாரிசவாதம் போட்டது. வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. காலையும் மாலையும் அவளைக் கழுவி உடுப்பு மாற்றக் கவுன்சில் ஆள் அனுப்புகிறது. போன மாரியில் புதிதாக ஒருத்தி வந்தாள். பெயர் பியூட்டி. முப்பத்தேழு முப்பத்தெட்டு வயதிருக்கும். இருமலோடும் பேருந்து ஏறி நாளுக்குப் பன்னிரண்டு வீடு ஓடுபவள். விசா முதலாளியின் கையில்; அவளும் வாய் திறக்க முடியாத ஒரு லயத்தில்தான் இருக்கிறாள்.

எங்களுக்கு ஒரு பழக்கம் இருக்கிறதல்லவா? ஆளைக் கண்டால் எவ்விடம் என்று கேட்போம். ஊரைச் சொன்னால் ஊரில் எந்தப் பக்கம், பக்கத்தைச் சொன்னால் ஆருடைய பிள்ளை. தகப்பன் பெயர் வரும்வரை விடமாட்டோம். நாட்டைச் சொன்னாள். “நானும் அங்க படிப்பிச்சனான் பிள்ளை, நீர் அங்க எவ்விடம்?” என்று ஆங்கிலத்தில் கேட்டேன், பெருமையாக. தலைநகரைச் சொன்னாள். பிறந்த இடம் எது? மாவட்டத்தைச் சொன்னாள். அதில் எந்தப் பக்கம்? கரும்புத் தோட்டத்தைச் சொன்னாள். நான் அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம்! வாய் பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டது.

“அப்பா ஆர்?”

“ஜோசப் டெம்போ. மிஷன் பள்ளிக்கூடத்தில சரித்திரம் படிப்பிச்சவர்.”

அடுத்த நாளே கைபேசியைக் கொண்டுவந்து என் முகத்துக்கு முன்னால் பிடித்தாள். திரையில் பல்லில்லாத ஒரு கிழவன், டெம்போ. அழுதான், சிரித்தான், என் பிள்ளைகளின் பெயர்களைச் சரியாகச் சொல்லி விசாரித்தான்.

பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான்: “சேவியர், நான் உன்ர பேரைச் சொல்லேல்லை. மூண்டு நாளும் ஆர் கீறினது எண்டுதான் கேட்டவங்கள். நான் சொல்லேல்லை.”

என்னைக் காப்பாற்றிய பெருமை அந்த முகத்தில் இன்னும் இருந்தது... நான் என்ன செய்தேன் தெரியுமா? தலையாட்டினேன்.

தன்மேல் களவுச் சாட்டு எழுதிக் கொடுத்தது அலுவலகக் கிளார்க் என்று அவன் இன்றுவரை நம்புகிறான். அந்தக் கிளார்க் செத்துப்போனானாம். செத்த வீட்டுக்கு டெம்போ போகவில்லையாம். செய்யாத பாவத்தைச் சுமந்துகொண்டு ஒருவன் குழிக்குள் போய்விட்டான், என் இடத்தில்!

அவர்களுடைய ஜனநாயகம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். டெம்போவின் துண்டுப்பிரசுரத்தால் லயங்களில் வாக்கு வாங்கிய எதிர்க்கட்சி பின்னொரு தேர்தலில் வென்றது. வென்றவர் அதே பங்களாவுக்குக் குடிபோனார். வாசலில் போய் நின்ற டெம்போவைக் காவலாளி உள்ளே விடவில்லை. லயத்துச் சனம் இப்போதும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வரிசையில் நின்று இரகசியமாக வாக்குப் போடுகிறது. கூரை இப்போதும் ஒழுகுகிறது.

டெம்போ கேட்பது ஒன்றே ஒன்று. சாகுமுன் ‘களவு’ என்ற அந்தச் சொல் தன் பெயரிலிருந்து போகவேண்டும். சிறு பெண்ணாக இருந்தபோது பியூட்டியை மற்றப் பிள்ளைகள் கள்ளன் மகள் என்றுதான் கூப்பிட்டார்களாம். பழைய கோப்புகள் கறையானுக்குப் போய்விட்டன; நீக்க உத்தரவு மட்டும் மிஞ்சியிருக்கிறது. சாவிக்குப் பொறுப்பாக இருந்தவர் தானே அதைக் கொடுத்ததாக எழுதித் தந்தால் உத்தரவை நீக்கலாம் என்று அங்கே கல்வி அமைச்சில் சொல்லியிருக்கிறார்கள்.

“நீங்க எழுதித் தருவீங்களா, சேர்?” என்று பியூட்டி கேட்டாள்.

எழுதினேன். ஒரு பக்கம் எழுதினேன்! டெம்போ சிறந்த ஆசிரியர், நேர்மையானவர், பிள்ளைகள் அவரை நேசித்தார்கள். சாவியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அமைச்சு அதைத் திருப்பி அனுப்பியது.

மறுபடியும் கேட்டாள். “எனக்கு இப்ப ஒண்டும் ஞாபகமில்லைப் பிள்ளை” என்றேன். அவள் என் தோளைத் தொட்டாள். “பரவாயில்லை சேர், வயசு போனா அப்பிடித்தான்” என்றாள்.

கட்டிலில் கிடந்த திரேசாவுக்குக் கேட்டிருக்கிறது. நோய் விழுந்த பிறகு அவள் வாயில் சொற்கள் வருவது அருமை. அன்று தமிழில் வந்தது. “சொல்லுங்கோ... சொல்லுங்கோ...” என்றாள், என்னையே பார்த்துக்கொண்டு.

“அன்ரி என்ன கேக்கிறா, சேர்?”

“தண்ணி கேக்கிறா” என்றேன்.

பியூட்டி ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து, தலையைத் தாங்கிப் பருக்கினாள். திரேசாவின் கண்ணிலிருந்து வழிந்ததையும் அவளே துடைத்தாள்.

அப்போது பயம் என்று சொன்னேன். இப்போது என்ன? இந்தக் கேள்வியை ஒவ்வொரு காலையும் பியூட்டி வாசல் மணி அடிக்குமுன் கேட்டுக்கொள்கிறேன். அவள் என் மனைவியைத் தொடும் கையை எடுத்துவிடுவாளோ என்றா? இல்லை. அவள் வேலையைச் செய்வாள். என்னைப் பார்க்காமல் செய்வாள். அதைத்தான் தாங்கமுடியாது... ‘சேர்’ என்று கூப்பிடமாட்டாள்!

இதையும் நான் தமிழில்தான் எழுதுகிறேன், பார்த்தீர்களா? எனக்கு ஆங்கிலம் நன்றாக வரும். அவளுக்கோ அவள் தகப்பனுக்கோ தமிழ் ஓர் எழுத்தும் தெரியாது. ஒப்புக்கொள்ளும்போதுகூட நான் எவ்வளவு கவனமான ஆள்!

போன வியாழக்கிழமை கையுறையைக் கழற்றியபடி பியூட்டி சொன்னாள்:

“சேர், அந்தக் கடிதத்தைப் பற்றி இனி யோசிக்க வேண்டாமெண்டு அப்பா சொல்லச் சொன்னவர். சாவியை நீங்கதான் குடுத்தது எண்டு எழுதினா இஞ்ச உங்களுக்கு ஏதும் கரைச்சல் வந்தாலும் வருமாம். ‘சேவியருக்கு ஒண்டும் வரக்கூடாது’ எண்டவர்.”

எனக்கு வயது எழுபத்தொன்று. பிரித்தானியக் கடவுச்சீட்டு அலுமாரியில் இருக்கிறது. எனக்கு ஒரு கரைச்சலும் வராது, ஒன்றுமே வராது! வாய் வரை வந்தது. திரேசா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்பாவுக்கு என்ன சொல்லட்டும், சேர்?”

“நன்றி எண்டு சொல்லும் பிள்ளை” என்றேன்.