வெறும் சங்கிலி

நாய் கட்டப்பட்ட சங்கிலியை ஆட்டினால் எழும் ஓசைக்கும், வெறும் சங்கிலியை ஆட்டினால் எழும் ஓசைக்கும் மதிலுக்கு வெளியே நிற்பவளால் வேறுபாடு காண முடியுமா? பத்து வயதில், கடற்கரையில் எடுத்த ஒரு வாடகை வீட்டில், இந்தக் கேள்வி என்மேல் வந்து விழுந்தது. முடியாது என்பதே விடை. அந்த விடை கேள்விக்கு முன்பே எனக்குத் தெரிந்திருந்தது.

இராஜபாளையத்தில் எங்கள் அப்பா பேண்டேஜ் துணி நெய்யும் சிறு தறிக்கூடம் ஒன்றை நடத்திவந்தார். வீடும் கூடமும் ஒரே மதிலுக்குள் இருந்தன. அந்தி சாய்ந்ததும் வளாகத்தில் அவிழ்த்துவிடப்படும் எங்கள் வெள்ளை நாய் டைகர், வீட்டார் மூவரைத் தவிர வேறு எவரையும் ஏற்றுக்கொள்ளாத இனத்தது. காலையில் தறிக்கு வரும் பெண்கள் வாசலுக்கு வெளியே கூடி நிற்பார்கள். நாயைத் தூணில் கட்டிவிட்டுச் சங்கிலியை மூன்றுமுறை சிமெண்டுத் தரையில் அடித்து ஆட்ட வேண்டியது என் வேலை. அந்தச் "சங்கிலிச் சத்தம்" கேட்ட பிறகே அவர்கள் உள்ளே அடியெடுத்து வைப்பார்கள். "பாப்பா சத்தம் குடுத்துட்டா, வாங்கட்டி" என்று முன்னால் நிற்பவள் சொல்ல, மற்றவர்கள் பின்னால் வருவார்கள். என் கையசைவை நம்பி அத்தனை பேர் நடந்து வருவதில் எனக்கு இருந்த பெருமையை இப்போது எண்ணினால் கூச்சமாக இருக்கிறது.

கடலே இல்லாத அந்த ஊரில் அப்பா ஒரு படகு வாங்கினார். தூத்துக்குடியில் பழைய சாமான் விற்கும் ஒருவரிடமிருந்து மினி லாரியில் வந்து இறங்கிய அந்தப் பைபர் படகில் இரண்டு பேர் உட்காரலாம், ஒற்றைப் பாய்மரம். ஐப்பசி மழையில் கண்மாய் நிறைந்ததும் அதை மிதக்கவிட்டு, கரையில் நின்ற கூட்டத்துக்குக் கையசைத்தபடி அவர் போய்வந்தார். பங்குனியில் கண்மாய் வற்றியது. படகு சேற்றில் சாய்ந்து கிடந்தது. திருவில்லிபுத்தூரிலிருந்து வந்த என் தாய்மாமா அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அத்தான், அடுத்து இதுக்குச் சக்கரம் மாட்டிருவீகளா?" என்று கேட்டார். தறிப்பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அன்று மாலையே அப்பா, மே மாத விடுமுறைக்குக் கடற்கரையில் வீடு தேடத் தொடங்கினார்.

தொலைபேசியில் தரகர்களிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, குடிநீர் உண்டா என்பதன்று. படகு வைக்க இடம் உண்டா என்பது. கார் தாராளமாக நிற்கும் என்றே எல்லாரும் பதில் சொன்னார்கள். கடைசியில் தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு சிற்றூரில், பக்கவாட்டில் ஓட்டுக் கொட்டகை உள்ள வீடொன்று கிடைத்தது. வீட்டுக்காரர் சென்னையில் இருந்தார். கொட்டகையில் ஆள் இருப்பதை அவர் சொல்லவில்லை, அப்பாவும் கேட்கவில்லை.

நாங்கள் போய் இறங்கியபோது கொட்டகையில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. வீட்டைப் பெருக்கிக் காவல் காக்கும் மிக்கேலம்மாள் என்ற கைம்பெண்ணும் அவள் மகள் சகாயராணியும் பல ஆண்டுகளாக அங்கேதான் குடியிருந்தார்கள். சகாயராணிக்கு என் வயது. அப்பா கடிந்து பேசவில்லை. கொட்டகையையும் சேர்த்துத்தான் எடுத்திருப்பதாகவும், படகு வெயிலில் கிடந்தால் வெடித்துவிடும் என்றும் பொறுமையாக விளக்கினார். ஒரு மணி நேரத்தில் அவர்கள் பாய், பானை, பள்ளிக்கூடப் பை ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, உறவினர் ஒருவர் வலை போட்டுவைக்கும் குடிசைக்குப் போனார்கள். கொண்டுபோக முடியாதது ஒன்று இருந்தது. கொட்டகை மூலையில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. இடம் மாற்றினால் முட்டையை விட்டு எழுந்துவிடும் என்பதால், குஞ்சு பொரிக்கும்வரை காலையில் மட்டும் மகள் வந்து தீனி வைத்துப் போக என் அம்மா இசைந்தார்.

படகுக்குக் காவலாக டைகரையும் கூட்டிப்போயிருந்தோம். ஊர் வழக்கத்தையும் உடன் கொண்டுபோனோம். இரவில் நாய் அவிழ்ந்திருக்கும். விடிந்ததும் நான் அதைக் கட்டிவிட்டுச் சங்கிலியை மூன்றுமுறை ஆட்டுவேன். சத்தம் கேட்டால் உள்ளே வரலாம். இதைச் சகாயராணிக்குச் சொல்லிக்கொடுத்தவள் நானே. முதல் நாள் தயங்கினாள். மூன்றாம் நாள் ஓடியே வந்தாள். முட்டையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே ஓடும் நரம்பை எனக்குக் காட்டினாள். ஒரு குஞ்சு எனக்குத் தருவதாகவும் சொல்லியிருந்தாள்.

ஆறாம் நாள் அப்பா படகைக் கடலில் இறக்கினார். கண்மாய்க் காற்று வேறு, கடற்காற்று வேறு. கரையை நோக்கி வீசிய காற்றில் அவர் முழுப்பாயையும் விரித்தார். இரண்டாவது அலையில் படகு கவிழ்ந்து அவரைக் கீழே அமுக்கியது. மீனவர் இருவர் இறங்கி இழுத்துவந்தார்கள். அப்பா சட்டை முழுக்க மணலோடு, யாரையும் பார்க்காமல் வீட்டை நோக்கி நடந்தார். அப்போது சகாயராணி என் அருகே வந்து எல்லார் காதிலும் விழும்படி கேட்டாள்: "ஒங்க அப்பா படகுல போனாவளா, இல்ல, படகு அவிய மேல போச்சா?"

அவள் என்னையும் சேர்த்துச் சிரிக்க அழைத்தாள் என்பது இன்று விளங்குகிறது. சுற்றி நின்றவர்கள் சிரித்தபோது எனக்குக் கேட்டதோ மாமாவின் குரல், தறிப்பெண்களின் அடக்கிய சிரிப்பு. அப்பாவின் பின்னாலேயே வீட்டுக்கு ஓடிவந்துவிட்டேன்.

மறுநாள் விடியலில் நான் டைகரைக் கட்டவில்லை. அது படகின் நிழலில் படுத்திருந்தது. வெறும் சங்கிலியைக் கையில் எடுத்து, திண்டில் மூன்றுமுறை, வழக்கமான இடைவெளியில் அடித்து ஆட்டினேன். அவள் பயந்து ஓடட்டும் என்று மட்டும் நினைத்ததாகப் பல ஆண்டுகள் எனக்கு நானே சொல்லிவந்தேன். அந்த நாய் துரத்துவதோடு நிற்காது என்பது எங்கள் வீட்டில் எல்லாரையும்விட எனக்கு நன்றாகத் தெரியும்.

கையில் நொய்க் கிண்ணத்தோடு அவள் ஓடிவந்தாள். நான் கூப்பிட்டு நாயை விலக்குவதற்குள் கெண்டைக்காலில் சதை பிளந்திருந்தது. கோழி பதறிப் பறந்தது. முட்டைகள் நாயின் காலடியில் நசுங்கின. அப்பா ஓடிவந்து, எங்கள் கூடத்தில் நெய்த பேண்டேஜ் சுருளைப் பிரித்து, தேர்ந்த கையால் சுற்றினார். "நம்ம துணி, நல்லா இழுத்துப் பிடிக்கும்" என்று அம்மாவிடம் சொன்னார். சகாயராணி அழவில்லை. என்னைப் பார்த்து, "சத்தம் கேட்டுச்சே... சத்தம் கேட்டுத்தான வந்தேன்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அவளைக் காரில் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோய் முதல் ஊசி போட்டு வந்தார்கள். வந்ததும் அப்பா வீட்டுக்காரரைத் தொலைபேசியில் அழைத்தார். பின்னால் வம்பு ஏதும் வந்துவிடக் கூடாதென்று, காவல்காரியின் பிள்ளை சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே நுழைவதாகவும், வாடகைக்கு வருபவர்களுக்கு இது சரிப்படாது என்றும் நிதானமாகத் தெரிவித்தார். மறுநாளே வீட்டுக்காரரின் ஆள் வந்து மிக்கேலம்மாளிடம் சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டான். கொட்டகைக்கு அவர்கள் இனித் திரும்ப வேண்டியதில்லை என்றான்.

அன்று மாலை மிக்கேலம்மாள் வந்து வாசற்படிக்குக் கீழே நின்றாள். அம்மா நீட்டிய சேலையை வாங்கவில்லை.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம்மா. எம்மவ பொய் சொல்ல மாட்டா. சங்கிலிச் சத்தம் கேட்டுதா இல்லையான்னு ஒங்க புள்ளைட்ட ஒரு வார்த்த கேளுங்க. அத அந்த ஆளுட்ட சொன்னாப் போதும், எங்கள வெளிய போடமாட்டாவ."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்பா செய்தித்தாளை மடித்தார்.

"எனக்குத் தெரியாது" என்றேன்.

மிக்கேலம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். எஞ்சிய எட்டு நாளும் நாங்கள் அங்கேயே இருந்தோம். கொடுத்த வாடகையை யார் விடுவார்கள்? படகு கொட்டகையை விட்டு மறுபடி வெளியே வரவில்லை. அடுத்தடுத்த ஊசிகளுக்கு அந்தப் பெண்ணை யார் கூட்டிப்போனார்கள் என்று எங்கள் வீட்டில் எவரும் கேட்கவில்லை.

சமூகப்பணிப் பட்டம் பெற்ற ஆண்டில் நான் தனியாக அந்த ஊருக்குப் போனேன். கொட்டகை இருந்த இடத்தில் கார் நிறுத்தும் தளம் போட்டிருந்தார்கள், வீடு விடுதியாகியிருந்தது. தாயும் மகளும் அந்த மே மாதமே ஊரைவிட்டுப் போனதாகவும், மகள் காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்ததாகவும் மீன் விற்ற ஒருத்தி சொன்னாள். எங்கே போனார்கள் என்பது அவளுக்குத் தெரியவில்லை.

திரும்பி வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என்னைத் திட்டுவார், அல்லது தேற்றுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அன்னைக்குச் சங்கிலிச் சத்தம் எனக்கும் கேட்டுச்சும்மா. முழிச்சுத்தான் கெடந்தேன்."

இன்று டைகர் இல்லை. தறிப்பெண்கள் வாசலில் விரல் ரேகை வைத்து உள்ளே வருகிறார்கள். அவர்களுக்குச் சத்தம் கொடுக்க யாரும் தேவையில்லை. படகு திருவில்லிபுத்தூரில் மாமாவின் தோப்பில் மாடுகளுக்குத் தண்ணீர்த் தொட்டியாகக் கிடக்கிறது. அப்பாவும் நானும் நன்றாகவே பேசிக்கொள்கிறோம். ஆனால், நடந்த ஒன்றை அவர் என்னிடம் விவரிக்கும்போது, அந்த இடத்தில் வேறு யார் இருந்தார்கள் என்று கேட்டு, அவர்களிடமும் நான் ஒருமுறை விசாரித்துக்கொள்கிறேன்.