அந்த ஆறு கணினிகளும் ரிஸானாவும்

நேற்று மகளின் புதிய மடிக்கணினியில் கறுப்புத் திரையைத் திறந்ததும், என் விரல்கள் தாமாகவே uname -m என்று தட்டின. 'நீ எந்த வகை இயந்திரம்?' என்று கணினியிடம் கேட்கும் கட்டளை அது. வந்த பதிலை நான் சரியாகப் பார்க்கவில்லை. எங்கிருந்தோ சூடேறிய தூசியின் மணம் வந்தது. அதோடு வில்கமுவ ஊரும் நினைவுக்கு வந்தது.

அப்போது நானும் ரிஸானாவும் பலாபத்வலயில் கணினி திருத்தும் கடையொன்றில் வேலை செய்தோம். ஒரே வயது, ஒரே மேசை. அவளுடைய சோற்றுப் பார்சலில் பாதி எனக்கு. வில்கமுவப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆறு பழைய கணினிகள் இருந்தன. அவற்றைக் கழித்துவிடலாமா என்று பார்த்துச் சொல்ல எங்களை அனுப்பினார்கள். வயல்களுக்கு நடுவே பஸ் அரைத் தூக்கத்தில் போனது. நான் முழுத் தூக்கத்தில் போனேன்.

புதிய பாட மென்பொருள் 64 பிட் கணினியில்தான் ஓடும். கட்டளையைத் தட்டினேன். i686 என்றது திரை. அப்படியென்றால் பழைய 32 பிட். ஆறும் அதையே சொன்னதும், பெரிய நிபுணரைப் போலத் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இனி இதெல்லாம் உதவாது மிஸ்" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டேன். டீச்சர், கணினிகளுக்குப் பிள்ளைகள் தைத்துப் போட்டிருந்த பூப்போட்ட உறைகளை ஒவ்வொன்றாக மடித்து வைத்துவிட்டு, அதிபரைக் கூட்டிவரப் போனார்.

"கொஞ்சம் இரு," என்றாள் ரிஸானா. "உள்ள போட்டிருக்கிற சிஸ்டம்தான் 32. பெட்டி என்னான்னு நீ கேக்கவே இல்லையே."

அவள் lscpu என்று தட்டினாள். பெட்டிக்குள் இருக்கும் செயலி 32, 64 என்று இரண்டு வகையிலும் ஓடும் என்று வந்தது. ஆறிலும் அதே பதில். சிஸ்டத்தை மட்டும் மாற்றினால் போதும்.

அதிபர் வந்ததும் நான் முந்திக்கொண்டேன். "நான் திரும்பவும் பாத்தேன் சேர். எல்லாம் ஓடும்." அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ரிஸானா குனிந்து வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

திரும்பும் பஸ்ஸில், "நீயே சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"நீ சொல்லுவேன்னு நெனச்சேன்," என்றாள், ஜன்னலைப் பார்த்தபடி. அதற்குப் பிறகு அவள் அதைப் பேசவே இல்லை. மறுநாளும் பாதிச் சோறு தந்தாள்.

கடை இருந்த இடத்தில் இப்போது டயர் விற்கிறார்கள். கல்யாணமாகி கத்தாருக்குப் போன ரிஸானாவின் நம்பர், இரண்டு பெருநாள் வாழ்த்துகளுக்குப் பிறகு மாறிவிட்டது.

போன மாதம் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தேன். கணினி அறைச் சுவரில் நெடுநாளாக ஒரு நன்றி வாசகம் இருந்ததாம், என் பெயரோடு மட்டும். வெள்ளையடித்தபோது அழித்துவிட்டார்களாம். கேட்டதும் நிம்மதியாகத்தான் இருந்தது. அவள் பெயரைச் சேர்த்து எழுத அங்கே இனி ஒரு வரியும் இல்லை என்பது, வாசலுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.