ஏழு கோப்பை இஞ்சித் தேத்தண்ணி

போன வருடம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட நேரம். கண்டி மஹய்யாவவில் எங்கள் வீட்டு மாடி அறையைச் சுற்றுலாப் பயணிகளுக்கு விடத் தொடங்கி ஒரு கிழமைகூட ஆகியிருக்கவில்லை. மகள் கல்யாணமாகிப் போன பிறகு சும்மா கிடந்த அறை அது. விடலாம் என்பது என் யோசனை. கந்தோரில் கிளார்க்காக இருக்கும் என் வீட்டுக்காரருக்கு அதில் துளியும் இஷ்டமில்லை.

"ஊர் பேர் தெரியாதவங்கள உள்ள விட்டுட்டு, நம்ம வீட்டுல நாமளே பயந்துகிட்டு இருக்கணுமா?" என்று ஒரு மாதம் இழுத்தடித்தார். கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார். முதலில் வருகிற ஆள் இன்டர்நெட்டில் நல்லபடியாக நாலு வார்த்தை எழுதினால் தொடரலாம். இல்லாவிட்டால் அறையில் பழைய சாமான்களைப் போட்டுப் பூட்டிவிட வேண்டும். நானும் வீம்புக்குச் சரி என்றேன்.

முதல் ஆளாக வந்தவர் சீனாவின் தென்பகுதியைச் சேர்ந்த ஒரு பெரியவர். அறுபத்தைந்து வயதிருக்கும். கொழும்பில் வேலை செய்யும் அவருடைய மகள்தான் அறையைப் பதிவு செய்திருந்தாள். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது, நமக்குச் சீனம் தெரியாது. ஆனால் அவர் போனில் பேசினால் அது தமிழில் சொல்லும், நாங்கள் பேசினால் சீனத்தில் சொல்லும். வந்த அன்று மாலை அந்தப் போனை நடுவில் வைத்துக்கொண்டு பேரன் பேத்தி வரைக்கும் விசாரித்துவிட்டோம்.

மறுநாள் பௌர்ணமி, போயா லீவு. காலையிலேயே காற்றும் மழையும் வெளுத்து வாங்கியது. ஆறரை மணிக்குக் கரண்ட் போய்விட்டது. கரண்டோடு வைஃபையும் போனது, வைஃபையோடு போனின் தமிழும் போனது. பன்வில பக்கம் தேயிலைத் தோட்டம் பார்க்க அவரைக் கூட்டிப்போக வேண்டிய வேன்காரர், வழியில் மரம் விழுந்து கிடக்கிறது, பிந்தும் என்று சொல்லிவிட்டார். பெரியவர் கீழே வந்து மேசையருகே கதிரையில் உட்கார்ந்தார். வேன் வரும்வரை அவரைச் சந்தோஷமாக வைத்திருப்பது என் பொறுப்பாயிற்று.

என் இஞ்சித் தேத்தண்ணியைப் பற்றி நானே சொல்லிக்கொள்வது அழகில்லை. என்றாலும் சொல்கிறேன், எங்கள் சொந்தத்தில் அதற்கு ஒரு பெயர் உண்டு. இஞ்சியைத் தோலோடு நசுக்கி, நல்ல சாயம் இறங்க விட்டு, சீனி போடாமல் கோப்பையில் ஊற்றி, பக்கத்தில் ஒரு துண்டு கித்துள் கருப்பட்டி வைப்பேன். கருப்பட்டியை ஒரு கடி, தேத்தண்ணியை ஒரு மிடறு. எப்படிக் குடிப்பதென்று அவருக்குச் செய்து காட்டினேன். அவரும் கடித்தார், குடித்தார், கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. கோப்பை காலியானதும் இன்னொரு தரம் ஊற்றினேன். அப்போதுதான் அவர் இரண்டு விரலால் மேசையை 'டொக் டொக்' என்று தட்டினார்.

எங்கள் பக்கத்துத் தேத்தண்ணிக் கடைகளில் மேசையைத் தட்டினால், 'இன்னொன்று கொண்டா' என்று அர்த்தம். ஊற்றிக்கொண்டிருக்கும்போதே தட்டுகிறாரே என்று எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் குடித்து முடித்தவுடன் மூன்றாவது ஊற்றினேன். மறுபடி டொக் டொக்.

பேப்பருக்குப் பின்னால் இருந்த என் வீட்டுக்காரர் மெதுவாகத் தலையை நீட்டினார். "பாத்தியா, மேசையத் தட்டுறாரு. நீதானே ரூம் விடணும்னு ஒத்தக் காலுல நின்ன. போ, ஊத்து."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோபத்தைக் காட்டவா முடியும்? அந்த ஆள் எழுதப்போகிற நாலு வார்த்தையில்தான் என் அறையே இருக்கிறது. முகம் நிறையச் சிரிப்பை வைத்துக்கொண்டு நாலாவதை ஊற்றியபடி, தேன் ஒழுகும் குரலில் தமிழில் கேட்டேன்: "ஏன்யா, ஒங்க ஊட்டுல யாரும் தேத்தண்ணியக் கண்ணுலயே காட்டலியா?"

அவர் எழுந்து குனிந்து வணங்கினார். உட்கார்ந்து, டொக் டொக்.

ஐந்தாவது கோப்பையை அவர் தொடாமல் அப்படியே வைத்தார். ஆறிவிட்டது போலும் என்று நினைத்து, அதை எடுத்துப்போய்க் கொட்டிவிட்டுச் சுடச்சுட வேறு கொண்டுவந்து வைத்தேன். நம் வீடுகளில் விருந்தாளி தேத்தண்ணியை மிச்சம் வைத்தால், போட்டவளுக்கு அது பெரிய அவமானமல்லவா? அதனால் பக்கத்திலேயே நின்று, "குடிங்க, குடிங்க" என்று கையால் காட்டினேன். பாவம், குடித்தார். ஆறாவதுக்கு, "வயிறா இது, தண்ணி டாங்கியா?" என்று சிரித்தபடி கேட்டேன். ஏழாவதுக்கு நான் சொன்னதை இங்கே எழுத முடியாது. அதற்கும் அவர் டொக் டொக் என்றுதான் தட்டினார். ஆனால் நெற்றியில் வியர்வை, விரலில் பழைய வேகம் இல்லை.

எட்டாவதுக்கு நான் கேத்தலைத் தூக்கியபோது கரண்ட் வந்தது. அவர் போனைப் பாய்ந்து எடுத்த வேகத்தைப் பார்த்து நானே ஒரு அடி பின்னால் போனேன். அவர் மூச்சுவாங்கப் பேச, போன் நிதானமாகத் தமிழ் சொன்னது.

"மரியாதைக்குரிய சகோதரி, உங்கள் தேநீர் மிகவும் சிறப்பானது. எனது வயிறு சிறியது. இதை நிறுத்துவதற்கு உங்கள் நாட்டில் என்ன செய்ய வேண்டும்?"

"நீங்கதானே மேசையத் தட்டித் தட்டிக் கேட்டீங்க!" என்றேன்.

போன் அதைச் சொன்னதும் அவர் வாய் பிளந்தார். பிறகு சிரித்தார், சிரிக்கவும் முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். மறுபடி போன் பேசியது: "எங்கள் ஊரில் ஒருவர் தேநீர் ஊற்றும்போது இரண்டு விரல்களால் மேசையைத் தட்டுவது, நன்றி சொல்வதாகும்."

என் வீட்டுக்காரர் பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். பேப்பர் குலுங்கிக்கொண்டிருந்தது. வாசலில் வேன் ஹோர்ன் அடிக்க, பெரியவர் வாசலுக்குப் போகாமல் மாடிக் குளியலறைக்கு ஓடினார். வேன் கால் மணிநேரம் காத்து நின்றது.

அன்று மாலை திரும்பி வந்தவர், தன் பையிலிருந்து கொஞ்சம் தேயிலை எடுத்து, சுண்டுவிரல் உயரக் கோப்பைகளில் எங்களுக்கு ஊற்றிக் கொடுத்தார். சீனி இல்லை, சாயமும் இல்லை, ஆனால் மழைக்கு அத்தனை இதமாக இருந்தது. "இது வாய் கொப்புளிக்கக்கூடக் காணாதே" என்று முணுமுணுத்த என் வீட்டுக்காரர்தான் அதிகம் வாங்கிக் குடித்தார். அறைக்கு இனி ஆபத்தில்லை என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

நான் நிம்மதியாக மூச்சுவிட்ட நேரம் பார்த்து, பெரியவர் போனை என் வாய்க்கு நேராக நீட்டினார். அது கேட்டது: "காலையில் தேநீர் ஊற்றும்போது நீங்கள் புன்னகையுடன் அன்பாக ஏதோ கூறினீர்கள். அது என்னவென்று அறிய விரும்புகிறேன். என் மனைவியிடம் சொல்ல வேண்டும்."

நான் காலிக் கோப்பைகளை அடுக்கத் தொடங்கினேன். "சொல்லு, சொல்லு, கேக்குறாருல்ல" என்றார் என் வீட்டுக்காரர், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

"நல்லா குடிங்க, ஒடம்புக்கு நல்லதுன்னு சொன்னேன்" என்றேன்.

போன் அதைச் சொல்லி முடித்ததும் அவர் கண் கலங்கிவிட்டது. என் கண்ணும்தான், ஆனால் அது வெட்கத்தில்.

அறைக்கு இப்போது ஆட்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் யாராவது மரியாதை இல்லாமல் நடக்கிறார் என்று எனக்குக் கோபம் வரும்போதெல்லாம், ஒரு மனிதர் கோப்பைக்குக் கோப்பை எனக்கு நன்றி சொன்னதும், பதிலுக்கு அவர் முகத்துக்கு நேராக நான் அவரை ஏசியதும் ஞாபகம் வந்து, வாய் தானாக மூடிக்கொள்கிறது.