ஊதக்கூடாத விளக்கு

கனடாவில், மிசிசாகாவில் துஷாந்தின் பிறந்தநாள் என்றால் சனத்துக்கு ஒரு வேடிக்கை. கேக்கில் மெழுகுதிரிகளைக் கொளுத்திவிட்டு மனுசன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். ஊதமாட்டான். மெழுகு உருகி ஐசிங்கில் ஒழுகும். அந்தக் கேக்கைத்தான் வெட்டித் தருவான். அவன் மனைவி பெரின் பம்பாய்ப் பார்சிக்காரி. ஈரானில் சரதுஷ்டர் காலந்தொட்டு நெருப்பு அவர்களுக்குப் புனிதம். வாய்க்காற்று பட்டால் தீட்டு. "பொஞ்சாதிக்குப் பயந்த பிறவி" என்று அவனைப் பெற்ற யோகமலரே எல்லோர் முன்னாலும் சொல்லிச் சிரிப்பார்.

ஜூனில் துஷாந்த் மாரடைப்பில் போய்விட்டான். ஆகஸ்டில் பார்சிப் புத்தாண்டு. அதற்கு முந்திய நாட்களில் இறந்தவர்கள் வீட்டுக்கு வந்து தங்கி, புத்தாண்டு விடியலில் திரும்பிப் போவார்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. ஒவ்வொருவருக்கும் தனிப் பூச்சாடி, அணையாத விளக்கு. துஷாந்தின் பெயரையும் பிரார்த்தனையில் சேர்க்கச் சொல்லிப் பெரின் தன் தமையனைக் கேட்டாள். வேற்று ஆளுக்கு அதெல்லாம் கிடையாது என்று அவன் போனை வைத்துவிட்டான். சரி போடா என்று அவள் தன் வீட்டிலேயே ரோஜாப்பூ வைத்து விளக்கேற்றினாள். வேலைக்கு லீவு போட்டுவிட்டு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள்.

கடைசி நாள் பின்னேரம் யோகமலரை ஸ்ரௌவ்வில் நகரில் இருந்து மகள் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனாள். பக்கத்து வீட்டுக்காரி நான், அங்கேதான் நின்றேன். வீடெல்லாம் நெய்யில் வறுத்த சேமியா வாசம்.

"செத்து ஒரு வருசமாகேல்லை, ஆட்டைத் திவசம் முடியேல்லை, உனக்குப் புதுவருசமோ? பாயாசமோ?"

"அவருக்குத்தான் மாமி. அவர் இஞ்சதான் நிக்கிறார். விடியத்தான் வெளிக்கிடுவார். விடியுமட்டும் விளக்கு நூரக்கூடாது."

பெரின் பேசியது நல்ல யாழ்ப்பாணத் தமிழ். புருசனிடம் பழகியது.

"செத்தும் என்ர பிள்ளை உன்ர சொல்லுக்கோ ஆடவேணும்?"

யோகமலர் குனிந்தார். ஒரே மூச்சில் ஊதினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்யாணம் கட்டிய நாள் முதல் அவன் ஒரு திரியைக்கூட ஊதியதில்லை. பெற்றவள் ஊதிவிட்டாள், அதுவும் அவனுக்கு வைத்த விளக்கை.

பெரின் உள்ளே போனாள். அடுப்பை நிறுத்தினாள். போய் முன்கதவை அகலத் திறந்துவிட்டாள்.

"போயிட்டார் மாமி. இண்டைக்கு ஒரு ராத்திரி இருந்திருப்பார்."

யோகமலரின் முகம் மாறியது. விறுவிறென்று வாசலுக்குப் போய் இரண்டு பக்கமும் தெருவைப் பார்த்தார்.

"எந்தப் பக்கம் போனவன்?" என்று கேட்டார்.

பெரின் திரும்பவில்லை. சேமியாவைக் குப்பையில் கொட்டிக்கொண்டிருந்தாள்.