ஃபுல்லில் மட்டும் கருகிய மாஸ்ஃபெட்

மூன்றாவது முறையாக அதே போர்டு, அதே மேல் மாஸ்ஃபெட்டுகள் கருகி, என் மேசைக்கு வந்தது. கொண்டுவந்தவர் இடைசெவல் பக்கம் உளுந்து போட்டிருக்கும் தங்கையா. கோவில்பட்டியில் பல வருஷமாக மோட்டார் கண்ட்ரோலர் போர்டு பார்க்கிறவள் நான். ஒரு போர்டு என்னிடமே மூன்று தடவை விளையாடுகிறதா என்று எனக்கு வெறியே வந்துவிட்டது.

அவருடையது பேட்டரியில் ஓடும் களையெடுக்கும் மெஷின். மெஷினை விட அவர் முகம்தான் அதிகமாகக் கருகியிருந்தது.

“எக்கா, உளுந்து தெரியல, களைதான் தெரியுது. மேக்க வேற இருட்டிக்கிட்டு நிக்குது. மழை விழுந்துட்டுன்னா ஒரு வாரத்துக்குக் கரிசல்ல கால் வைக்க முடியாது. அதுக்குள்ள களை பயிரை அமுக்கிரும். கூலிக்கு ஆள் கூப்பிட்டா எல்லாரும் தீப்பெட்டி ஆபீசுக்குப் போயிருதாவ. இந்த வருஷம் வெள்ளாமை அவ்வளவுதான்க்கா.”

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மாஸ்ஃபெட் என்பது மின்சாரத்தைத் திறந்து மூடும் எலக்ட்ரானிக் சுவிட்ச். மோட்டாரை முன்னும் பின்னும் சுற்ற வைக்கும் பிரிட்ஜ் சர்க்யூட்டில் மேலே இரண்டு மாஸ்ஃபெட், கீழே இரண்டு. மாஸ்ஃபெட் முழுசாகத் திறக்க வேண்டுமென்றால், அதைத் திறக்கச் சொல்லும் காலான கேட்டில், மின்சாரம் வெளியே போகும் காலான சோர்ஸை விடப் பத்துப் பன்னிரண்டு வோல்ட் அதிகம் இருக்க வேண்டும். கீழே இருப்பதற்கு இது சுலபம். மேலே இருப்பது ஆன் ஆனதும் அதன் சோர்ஸே பேட்டரி வோல்டேஜுக்கு ஏறிவிடும். அதற்கும் மேலே பன்னிரண்டு வோல்ட்டுக்கு எங்கே போவது? அதற்குத்தான் பூட்ஸ்ட்ராப் கெப்பாசிட்டர். மோட்டார் ஓடும்போது மேலும் கீழும் நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை மாறி மாறி ஆன் ஆகும்; த்ராட்டிலை முறுக்க முறுக்க மேலே இருப்பதன் பங்கு கூடும். கீழ் மாஸ்ஃபெட் ஆன் ஆகும்போதெல்லாம் கெப்பாசிட்டர் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். மேலே இருப்பதன் முறை வரும்போது கேட்டுக்குக் கொடுக்கும்.

என் மேசையில் இதெல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. முதல் தடவை கருகியதை மாற்றினேன். அடுத்த தடவை பெரிய மாஸ்ஃபெட்டாகப் போட்டேன். இந்தத் தடவை கெப்பாசிட்டரையும் பெரிதாக்கிவிட்டு, “நானும் வாரேன். காட்டுல வச்சே பாத்துருவோம்” என்று மீட்டரையும் லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு தங்கையாவின் வண்டியில் ஏறிவிட்டேன்.

மேல் மாஸ்ஃபெட்டின் கேட்டிலும் சோர்ஸிலும் ஒயர் பற்றவைத்து, மீட்டரை ஹேண்டிலில் டேப் சுற்றி நிறுத்தினேன். தங்கையா மெஷினை வரிசையில் விட்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு சைக்கிள் டியூப் துண்டை எடுத்தார். த்ராட்டிலைக் கடைசி வரைக்கும் முறுக்கி, டியூபால் இறுக்கிக் கட்டினார்.

“என்னப்பா செய்யுத?”

“எப்பவும் இப்படித்தான்க்கா. டீசல் மெஷின்ல ஒரு தடவ வச்சா அப்படியே நிக்கும். இது கைய எடுத்தா இறங்கிருது. வரிசை முடியுற எடத்துல ரெண்டு கையாலயும் தூக்கித் திருப்பணும்லா, மூணாவது கைக்கு எங்க போக?”

மெஷின் மண்ணைக் கிளறிக்கொண்டு புறப்பட்டது. நான் மீட்டரைப் பார்த்துக்கொண்டே கூட ஓடினேன். பன்னிரண்டு. பத்து. எட்டு. ஆறு!

“நிறுத்து, நிறுத்து!”

அவர் சுவிட்சை அணைத்தார். மாஸ்ஃபெட் பக்கம் விரலை வைத்தேன், சுட்டுவிட்டது. அந்த விரலை ஊதிக்கொண்டே நான் சிரித்தேன். தங்கையாவுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

“எக்கா, இதுவும் போயிட்டா?”

“போகல! மாட்டிக்கிட்டு!”

த்ராட்டில் ஃபுல்லில் நின்றால் மேல் மாஸ்ஃபெட் நிரந்தரமாக ஆன். கீழே இருப்பது ஆன் ஆவதே இல்லை. கெப்பாசிட்டருக்கு மறுபடி சார்ஜ் ஏற வழியே கிடையாது. கேட் வோல்டேஜ் இறங்க இறங்க மாஸ்ஃபெட் பாதி திறந்தும் பாதி மூடியும் நின்று சூடேறிக் கருகுகிறது. வோல்டேஜ் குறைந்தால் தானாக நிறுத்திக்கொள்ளும் வசதி அந்த போர்டில் இல்லை. கடையில் நான் த்ராட்டிலை ஏற்றுவேன், இறக்குவேன். ஃபுல்லில் கட்டிப்போட வேண்டும் என்று எனக்கு எதற்குத் தோன்றப்போகிறது?

வரப்பிலேயே உட்கார்ந்து புரோகிராமை மாற்றினேன். எவ்வளவு முறுக்கினாலும் மேல் மாஸ்ஃபெட் ஆன் ஆகும் நேரம் நூற்றுக்குத் தொண்ணூற்றேழுக்கு மேல் போகாது. மிச்ச மூன்றில் கீழ் மாஸ்ஃபெட் ஆன் ஆகும், கெப்பாசிட்டர் நிரம்பிக்கொள்ளும்.

தங்கையாவுக்கு மனசே இல்லை. “ஃபுல்லு ஃபுல்லா இருந்தாத்தானக்கா களை வேரோட வரும்?”

“நீ டியூபைக் கட்டி ஓட்டு. வரலன்னா அப்புறம் பேசு.”

கட்டினார். ஓட்டினார். மீட்டர் பதினொன்றரைக்குப் பக்கத்தில் ஆணி அடித்த மாதிரி நின்றது. ஒரு வரிசை முடிந்து திரும்பியது, அடுத்ததும் முடிந்தது. களை வேரோடு புரண்டு விழுந்தது. மாஸ்ஃபெட்டில் தைரியமாகக் கை வைத்தேன், வெதுவெதுப்புதான். எனக்கு வந்த சந்தோஷத்தில் செருப்பில் அப்பியிருந்த மண்ணோடு அவர் பின்னாலேயே காடு முழுக்க நடந்தேன்.

அதற்குப் பிறகு கருகிய போர்டு எது வந்தாலும் நான் முதலில் மீட்டரைத் தொடுவதில்லை. மெஷினையும் கொண்டுவரச் சொல்லி, “நீங்க எப்படி ஓட்டுவீங்களோ அப்படியே ஓட்டிக் காட்டுங்க” என்கிறேன். போர்டை நம் பழக்கத்துக்குச் சோதித்துப் பிரயோஜனம் இல்லை. அது உழைக்கப்போவது அவர்கள் கையில்.

அந்த வாரமே தங்கையா போன் செய்தார். எடுத்தால் பேச்சையே காணோம், சடசடவென்று சத்தம் மட்டும் கேட்டது. போனை வெளியே நீட்டியிருக்கிறார்.

“கேக்குதாக்கா? நேத்தே முழுக் காடும் முடிச்சாச்சு. பெய்யட்டும்க்கா, நல்லாப் பெய்யட்டும்!”